கம்பி போட்ட தொடை: மூன்றாம் மாதத்திலிருந்து இரண்டாம் ஆண்டு வரை

தொடை எலும்பு நடுப்பகுதியில் முறிந்து, எலும்பின் உட்குழாய்க்குள் நீளக் கம்பி இறக்கி, தையலும் பிரித்து வீடு திரும்பியவருக்கான அத்தியாயம் இது. இடுப்பு மூட்டை ஒட்டிய முறிவுக்கும் முழங்கால் மூட்டுக்குள் இறங்கிய முறிவுக்கும் கணக்கு வேறு. அவற்றை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்கள் அறுவை மருத்துவர் ஏதேனும் ஒன்றைக் குறிப்பாகத் தடுத்திருந்தால், இங்கே எழுதியிருப்பதைவிட அவர் சொன்னதே முக்கியம். உங்கள் எலும்பை நேரில் பார்த்தவர் அவர்.

மூன்று, நான்கு மாதம் கழித்து எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து "எலும்பு கூடிடுச்சு" என்று மருத்துவர் சொல்லும் நாளைத்தான் பலர் குணமான நாளாக எடுத்துக்கொள்கிறார்கள். அன்றோடு பயிற்சியும் நின்றுவிடுகிறது. ஒரு வருடம் ஆன பிறகும் தாங்கித் தாங்கி நடந்துகொண்டு, "கம்பி சரியில்லை", "கால் குட்டையாயிடுச்சு" என்று காரணம் தேடுவார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் இந்த முறையில் கம்பி போட்ட 520 தொடை எலும்பு முறிவுகளைப் பற்றிய அறிக்கை 1984இல் வந்தது. அதில் 99 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தன. எல்லா ஊரிலும் எல்லா முறிவிலும் அதே எண் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு எலும்பு கூடிவிடுகிறது என்றால், அதற்குப் பிறகும் மிஞ்சும் நொண்டலுக்கு எலும்பைக் குறை சொல்ல முடியாது. காரணம் பெரும்பாலும் தசையில் இருக்கிறது. எலும்பு தானாகக் கூடும். தசை தானாகத் திரும்பாது. இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு யோசனையும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கிறது.

கம்பி செய்யும் வேலை, செய்யாத வேலை

ஜெர்மன் அறுவை மருத்துவர் கெர்ஹார்ட் குன்ச்சர் இந்த முறையை 1940இல் பெர்லினில் சக மருத்துவர்கள் முன் வைத்தார். அதுவரை தொடை முறிந்தவர் காலில் எடை கட்டி வாரக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டும். எலும்பு கூடும், ஆனால் அதற்குள் முழங்கால் இறுகி, தசை வற்றிப்போயிருக்கும். குன்ச்சரின் கம்பியால் கிடைத்த பெரிய லாபமே, நோயாளி சீக்கிரம் எழுந்து நிற்கலாம் என்பதுதான். பிற்பாடு கம்பியின் மேலும் கீழும் குறுக்கே ஸ்க்ரூ போட்டுப் பூட்டும் வழக்கம் வந்ததும், நொறுங்கிய முறிவுகளிலும் கால் குறுகாமலும் திரும்பிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ள முடிந்தது. அவ்வளவு பாடுபட்டு ஒழித்த படுக்கையை, அறுவை முடிந்த பிறகு "ரெஸ்ட் எடுக்கணும்" என்று நாமே விரித்துப் படுத்தால், அறுவை வாங்கித் தந்த லாபத்தை நாமே இழக்கிறோம்.

"எடை போட்டால் கம்பி வளைந்துவிடாதா?" என்று வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். நியாயமான பயம்தான். இன்று போடும் கனமான, இருபுறமும் பூட்டிய கம்பிகள் ஒரு நாள் நடையில் வளைந்துவிடுவதில்லை. நொறுங்கிய முறிவுகளில்கூட உடனே எடை போட்டு நடக்கலாம் என்பதற்கு ஆதரவான ஆய்வு பால்டிமோரிலிருந்து 1999இல் வெளிவந்தது. அளவான சுமை முறிவின் இருமுனைகளையும் லேசாக அசைத்து அழுத்துவதால்தான் புது எலும்புத் திரளும் வளர்கிறது. கம்பிக்கு உண்மையான ஆபத்து வேறு வழியில் வருகிறது. எலும்பு கூடாமலே மாதக்கணக்கில் முழுச் சுமையும் கம்பியின் மேலேயே விழுந்தால், இரும்புக் கம்பியை மடக்கி மடக்கி நீட்டினால் ஒரு நாள் பட்டென்று முறிவதைப் போல அதுவும் முறியும். அதனால்தான் நடை எவ்வளவு அவசியமோ, எலும்பு கூடி வருகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்த்துக்கொள்வதும் அவ்வளவு அவசியம். இரண்டு கோணங்களில் எடுத்த படத்தில் எலும்பின் நான்கு ஓரங்களில் மூன்றிலாவது புது எலும்பு பாலம் போட்டிருந்தால் கூடிவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். படத்தைக் காட்டி, "எத்தனை பக்கம் சேர்ந்திருக்கு?" என்று நீங்களே கேளுங்கள்.

வாக்கரிலிருந்து வெறுங்காலுக்கு

எவ்வளவு எடை போடலாம் என்பதை முறிவின் வகையும் கம்பியின் தடிமனும் முடிவு செய்யும். "பாதி எடை போடுங்க" என்று சொல்லி அனுப்பினால், அதை மனதால் அளக்க முடியாது. வீட்டு எடை மெஷினால் அளக்கலாம்.

1. வாக்கரைப் பிடித்தபடி அறுவை செய்த காலை மெஷின் மேல் வையுங்கள். மற்றக் காலின் கீழ் அதே உயரத்துக்குப் பலகை போடுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்குப் பாதி என்றால் முள் 30ஐத் தொட வேண்டும். அந்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று பாதத்துக்குப் பழக்குங்கள்.
2. நடக்கும்போது விரல் நுனியை மட்டும் ஊன்றாமல், குதிகாலை முதலில் வைத்து முழுப் பாதத்தையும் இறக்குங்கள். நுனிக்காலில் பழகியவருக்குக் கெண்டைக்கால் இறுகிப்போகும்.
3. முழு எடைக்கு அனுமதி வந்து, வீட்டுக்குள் வாக்கரைப் பெயருக்குத்தான் தொடுகிறீர்கள் என்ற நிலை வந்ததும் ஒற்றைக் கைத்தடிக்கு மாறுங்கள். தடி எதிர்க் கையில் இருக்க வேண்டும். வலது தொடையில் கம்பி என்றால் இடது கையில் தடி. முறிந்த பக்கமே பிடிப்பதுதான் ஊர் முழுக்கக் காணும் தவறு. அது நொண்டலைக் கூட்டும்.
4. வலி நின்றதை வைத்துத் தடியை விடாதீர்கள். தடியில்லாமல் பத்து நிமிடம் நடந்தும் உடம்பு பக்கவாட்டில் சாயவில்லை என்றால் விடுங்கள். வீட்டில் யாரையாவது பின்னாலிருந்து செல்போனில் படம் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

*குறிப்பு:* படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கம்பி போட்ட கால் முதலில். டவுன் பஸ்ஸின் உயரமான முதல் படிக்கும் இதே கணக்குதான். ஓடும் பஸ்ஸில் ஏறும் பழக்கம் இருந்தால் இந்த வருடத்தோடு அதை விட்டுவிடலாம்.

இடுப்பின் பக்கத் தசை: நொண்டலின் வேர்

இந்தப் பகுதிக்கு மட்டும் கூடுதல் இடம் கொடுக்கிறேன். எலும்பு கூடிய பிறகும் விந்தி நடப்பவர்கள் பலருக்கும் குறை இங்கேதான் இருக்கிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் ஒற்றைக்காலில் நிற்கிறோம். அந்தக் கணத்தில் இடுப்பெலும்பு மறுபக்கம் சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது இடுப்பின் பக்கவாட்டுத் தசை. அப்போது இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு அழுத்தம் விழுகிறது. மேலிருந்து கம்பி இறக்கும்போது இந்தத் தசையை ஒட்டியோ, அதன் ஊடாகவோதான் வழி எடுக்கிறார்கள். முறிந்த வேதனையில் பல வாரம் அந்தத் தசைக்கு வேலையும் இருந்திருக்காது. உங்கள் வடு இடுப்பின் பக்கத்தில் இருக்கிறதா, முழங்காலின் முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். முழங்கால் வழியாகக் கீழிருந்து கம்பி ஏற்றியவர்களுக்கு இடுப்புத் தொல்லை குறைவாகவும் முழங்கால் முன்பக்க வலி அதிகமாகவும் இருக்கலாம். அவர்களும் இந்தப் பயிற்சியைச் செய்ய வேண்டியவர்களே.

சோதனை எளிது. கண்ணாடி முன் நின்று, விழாமலிருக்க நாற்காலி முதுகில் இரு விரல் வைத்து, கம்பி போட்ட காலில் மட்டும் முப்பது விநாடி நில்லுங்கள். தூக்கிய காலின் பக்கம் இடுப்பு தாழ்ந்தாலோ, தாழாமலிருக்க உடம்பு கம்பி போட்ட பக்கமே சாய்ந்தாலோ தசை இன்னும் தயாராகவில்லை. முழு எடை போட அனுமதி வராதவர்கள் இதைச் செய்யக் கூடாது.

"தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறேனே, தனிப் பயிற்சி எதற்கு?" என்ற மறுப்பை இங்கேயே எதிர்கொள்ள வேண்டும். விந்தி நடப்பவர் உடம்பை முறிந்த பக்கம் சாய்த்து, அந்தப் பலவீனமான தசைக்குச் சுமையே வராதபடி நடக்கிறார். எவ்வளவு தூரம் நடந்தாலும் வேலை செய்ய வேண்டிய தசைக்கு வேலை போய்ச் சேர்வதில்லை. நொண்டல்தான் பழக்கமாகி உறுதிப்படுகிறது. ஆகவே முதலில் தசையைத் தனியே பிரித்துப் பயிற்ற வேண்டும், நடையின் தூரத்தைப் பிறகு கூட்டலாம்.

1. நல்ல கால் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். முதுகும் குதிகாலும் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும்.
2. கம்பி போட்ட காலை நீட்டி, குதிகால் சுவரை விட்டு விலகாமல் மேலே வழுக்கியபடி ஓர் அடி உயரம் தூக்குங்கள். கட்டைவிரல் முன்னால் பார்க்க வேண்டும், கூரையைப் பார்க்கக் கூடாது.
3. மூன்று எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, சற்று ஓய்வு, மீண்டும் இரண்டு சுற்று.
4. பன்னிரண்டும் சுலபமானால் கணுக்காலில் அரைக் கிலோ மணல் பை கட்டுங்கள். வாரத்தில் மூன்று நாள் போதும், ஆனால் சுமை கூடிக்கொண்டே போக வேண்டும்.

கட்டைவிரல் கூரையை நோக்கித் திரும்பினால் வேலை முன்தொடைக்குப் போய்விடும். இந்தப் பயிற்சியில் பத்துக்கு எட்டுப் பேர் இப்படித்தான் ஏமாறுகிறார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கலாம், ஆனால் சுவர் இல்லாமல் செய்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். முன்தொடைக்குத் தனியாக, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி உண்டு. அதில் நல்ல காலுக்கே எடையைத் தள்ளிவிடும் தந்திரம் நம்மையறியாமல் நடக்கும். நல்ல காலை ஒரு சாண் முன்னால் நகர்த்தி வைத்தால் தப்ப முடியாது.

"வயசாயிடுச்சு, இனி தசை வருமா?" 1990இல் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தபோது கால் வலு இரு மடங்குக்கும் மேல் கூடியது. வயது தடையில்லை, சுமையைக் கூட்டாத பயிற்சிதான் தடை. பிசியோதெரபிஸ்ட்டுக்குக் காசு கட்டுப்படியாகவில்லை என்றால், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து கேளுங்கள்.

வலி எவ்வளவு வரலாம்?

பயிற்சியின்போது தசை இழுத்து வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அந்த அளவு சரி. மறுநாளும் வீங்கி வலித்தால் சுமையைப் பாதியாக்குங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள். முறிந்த இடத்திலேயே ஊன்றும்போது சுரீரென்று குத்தினால் அது வேறு வகை; கீழே வரும் எச்சரிக்கைகளைப் பாருங்கள்.

"கால் குட்டையாயிடுச்சு"

இப்படிச் சொல்பவர்கள் எல்லோருக்கும் எலும்பு குறுகியிருப்பதில்லை. இடுப்புத் தசை தளர்ந்தாலும், முழங்கால் முழுதாக நீளாவிட்டாலும் கால் குட்டையானதைப் போலவே தோன்றும். உயர்த்திய செருப்பு வாங்கும் முன் அளந்துவிடுங்கள். இரு முழங்காலையும் முழுதாக நீட்டி நேராக நில்லுங்கள். வீட்டார் ஒருவர் பின்னால் உட்கார்ந்து இரு இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலும் விரல் வைக்கட்டும். தாழ்ந்திருக்கும் பக்கப் பாதத்தின் கீழ் மெல்லிய நோட்டுகளாக வைத்துக்கொண்டே போய், இரண்டும் சமமானதும் நோட்டுகளின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் உடம்பே பழகிக்கொள்ளும். இரண்டு சென்டிமீட்டரை நெருங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாதம் முன்னிருந்ததைவிட உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது வேறு பிரச்சினை; கம்பியைப் பூட்டிய கோணம் மாறியிருந்தால் அப்படி ஆகும். சந்தேகம் வந்தால் எலும்பு கூடும் முன்பே சொல்லிவிடுங்கள், அப்போது திருத்துவது எளிது.

எண்ணெய், பிரண்டை, ஆட்டுக்கால்

எலும்பு முறிவு என்றால் புத்தூர்க் கட்டு நினைவுக்கு வராத வீடு தமிழ்நாட்டில் குறைவு. உள்ளே பூட்டிய கம்பி இருக்கும்போது வெளியே கட்டு போடுவதில் பயனில்லை. முழங்காலைச் சேர்த்து இறுக்கிக் கட்டினால் நாம் போக்க விரும்பும் இறுக்கமே திரும்ப வரும். நீவி விடுவதிலும் எல்லை தேவை. ஆறிய வடுவைச் சுற்றி மெதுவாக எண்ணெய் தேய்ப்பதில் கெடுதலில்லை. ஆனால் கெண்டைக்காலில் இரத்தம் உறைந்திருந்தால் அழுத்தி நீவுவது உறைகட்டியைப் பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்பிவிடக்கூடும். முதல் மூன்று மாதம் கால் வீங்கி வலித்தால் நீவாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

பிரண்டைத் துவையலை விரும்பிச் சாப்பிடலாம், அதை நம்பி எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடக் கூடாது. ஆட்டுக்கால் சூப்பில் எலும்பு கொதிப்பதால் கால்சியம் நிறைய இறங்கும் என்ற நம்பிக்கை தவறு. இறங்குவது மிகக் குறைவு. அதைவிட நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. தசைக்கு வேண்டியது புரதம்: உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல். முட்டை ஒன்றில் ஆறு கிராம்தான் என்பதால், இட்லி, சாதம், ரசம் என்று ஓடும் நாளில் இந்த அளவு எட்டாது. பருப்பு, சுண்டல், மீன், தயிர் என்று வேளைக்கு ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு கூட்டட்டும். பீடி, சிகரெட் எலும்பு கூடுவதை நேரடியாகத் தாமதப்படுத்தும். கட்டுப்படாத சர்க்கரையும் அப்படியே.

திரும்பிப் போக வேண்டிய நேரங்கள்

திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம்: உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். ஆறிய வடுவில் மறுபடி நீர் அல்லது சீழ்: ஒரு வருடம் கழித்து வந்தாலும் அலட்சியம் வேண்டாம். குறைந்துவந்த தொடை வலி நான்காவது, ஆறாவது மாதத்தில் ஊன்றும்போது மீண்டும் ஏறினால் எலும்பு கூடாமலிருக்கலாம். அப்போது ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிச் சுமையை எலும்புக்கு மாற்றுவது, தடித்த கம்பி மாற்றுவது என்று வழிகள் உண்டு. கம்பி முறிந்த பிறகு போவதைவிட அதற்கு முன் போவது எவ்வளவோ மேல். எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டவருக்கு லேசான அடியில் தொடை முறிந்திருந்தால், மறு தொடையையும் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கேயும் விரிசல் தொடங்கியிருக்க வாய்ப்புண்டு.

சம்மணம், வண்டி

குந்துவதற்கும் சம்மணத்துக்கும் முழங்கால் 120 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். எலும்பு கூடிய பிறகு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நல்ல காலால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளிப் பழகுங்கள். இன்னொருவர் ஏறி உட்கார்ந்து மடக்குவது கூடாது. அதுவரை நாற்காலி வகைக் கழிப்பிடம் வேண்டும்.

இருசக்கர வண்டிக்குத் திரும்புவதை ஓட்டத் தெரிகிறதா என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. சிக்னலில் வண்டி சாயும்போது அந்தக் காலால் தாங்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. மேலே சொன்ன முப்பது விநாடிச் சோதனையில் தேறாதவர் வண்டியைத் தொட வேண்டாம். வலது தொடை என்றால் கால் பிரேக்கைச் சட்டென்று முழுவேகத்தில் மிதிக்க முடிகிறதா என்று நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து பத்து முறை பாருங்கள். புடவையில் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்காருவது இடுப்பை முறுக்கும். எலும்பு கூடும்வரை ஆட்டோவே மேல்.

கம்பியை எடுக்கலாமா?

கூடியபின் கம்பி வெறும் உலோகம், உள்ளே இருந்தால் ஆகாது என்பது பரவலான எண்ணம். தொல்லை தராத கம்பியை எடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. எடுப்பதும் இன்னோர் அறுவைதான்: மயக்க மருந்து, கிருமித் தொற்று, மீண்டும் அதே இடுப்புத் தசையில் வெட்டு. முனை உறுத்துகிறது, முழங்கால் அருகே ஸ்க்ரூ தோலுக்கடியில் குத்துகிறது என்றால் எடுப்பதற்கு நியாயம் உண்டு. சில சமயம் அந்த ஸ்க்ரூவை மட்டும் எடுத்தால் போதும். இடுப்பு வலியெல்லாம் கம்பியால்தான் என்று நினைத்து எடுத்துப் பார்ப்பவர்களுக்கு வலி போகாமலே நிற்பதும் உண்டு, காரணம் தசைத் தளர்வாக இருந்திருந்தால். மறுபக்கத்து வாதத்திலும் நியாயம் இருக்கிறது: இளவயதினருக்குப் பல வருடம் கழித்து எடுப்பது கடினம், இன்னொரு விபத்தில் கம்பியின் முனையை ஒட்டி எலும்பு முறிந்தால் சிகிச்சை சிக்கலாகும். ஆகவே இளைஞர்கள் இரண்டாம் ஆண்டில் மருத்துவரோடு இதை ஒருமுறை உட்கார்ந்து பேசி முடிவு செய்வது நல்லது. எலும்பு முழுதாகக் கூடி ஒன்றரை வருடமாவது ஆகும்முன் பொதுவாக எடுப்பதில்லை. எடுத்த பிறகும் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் நிரம்பும்வரை சில வாரம் ஓட்டம், கபடி, கால்பந்து கிடையாது.

எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், டிஸ்சார்ஜ் சம்மரியையும் கம்பியின் கம்பெனி, அளவு ஒட்டிய ஸ்டிக்கரையும் கடைசி எக்ஸ்ரேயையும் ஒரே கவரில் வையுங்கள். எந்தக் கம்பி என்று தெரியாவிட்டால், அதைக் கழற்றும் கருவி எது என்றும் மருத்துவருக்குத் தெரியாது. எம்ஆர்ஐ எடுக்கப் போகும் இடத்திலும் முதலில் கேட்பது அந்த ஸ்டிக்கரைத்தான்.